கோளியின் மலர்

பூவாமலே காய்க்கின்ற மரத்திற்குப் பழந்தமிழில் கோளி என்று பெயர். ஆல், அரசு, அத்தி, பலா முதலியவற்றைத் தழுவி நின்ற அச்சொல் இன்று உரைகளிலும் அகராதிகளிலும் மட்டுமே உயிர் வைத்திருக்கிறது. பெரும்பாணாற்றுப்படை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், நகரங்களுள் காஞ்சி மேம்பட்டு விளங்குவதைச் சொல்லவந்த இடத்தில், கோளி மரங்களுள் பலா தன் பழத்தால் புகழ்பெற்று நிற்பதை உவமையாக்கினார். புறநானூற்றின் 58ஆம் பாட்டிலோ, அடிமரம் அழிந்த பின்னும் விழுதுகள் தாங்க நிற்கும் கோளியாலம், முன்னோர் மறைந்தபின் குடியைத் தாங்கிய பாண்டியனுக்கு ஒப்பாயிற்று. வடமொழியில் மநு ஸ்மிருதியும் சரக ஸம்ஹிதையும் பூவின்றிக் காய்ப்பதை வனஸ்பதி என்று பிரித்து வைத்தன. வேதத்தில் காட்டுக்கு அதிபதியாக இருந்த அந்த வனஸ்பதி, நம் காலத்தில் மளிகைக் கடைத் தகர டின்னில் நெய்க்குப் பதிலியாக அடைபட்டது வேறு கதை.

இப்பெயர் ஓர் இன்மையைக் கொண்டு இடப்பட்ட பெயர், அவ்வின்மையோ மெய்யன்று. அத்திக்காய் என்று நாம் சொல்வது, எண்ணற்ற நுண்ணிய பூக்களை உட்சுவரில் தாங்கி, வாயை ஏறக்குறைய மூடிக்கொண்ட ஒரு பூங்கொத்தே. அதன் நுனியிலுள்ள துளை வழியாக, இறகுகள் முறிய முறிய உள்ளே நுழையும் எள்ளினும் சிறிய குளவியொன்று, மகரந்தத்தைச் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே மடிகிறது. பலாவின் பூக்களோ ஒளிந்திருப்பவையல்ல. தனித்தனி மலராகத் தோன்றாமல் திரண்ட ஒரே கதிராய் நெருங்கியிருத்தலால், அவற்றைக் கண்ட கண்ணே பூவென்று அறியாமல் போகிறது. மறைந்திருப்பதால் காணாமை ஒன்று, கண்டும் அறியாமை மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிய நம் முன்னோர், அம்மரங்களை ஓரினமாகக் கண்டதில் மட்டும் பிழைக்கவில்லை. இக்காலத் தாவர நூலாரும் அவற்றை ஒரே குடும்பத்தில்தான் வைத்திருக்கிறார்கள்.

காணாமையைக் கொண்டு இன்மையைத் துணிவது எப்போது தகும் என்னும் வினாவை நம் தரிசனங்கள் நெடுங்காலம் ஆராய்ந்தன. குமாரில பட்டரைப் பின்பற்றிய மீமாம்ஸகரும் அத்வைதிகளும் அனுபலப்தி என்று அதற்குத் தனிப் பிரமாண ஸ்தானமே அளித்தனர். மணிமேகலை அபாவம் என்னும் பெயரால் அளவைகளுள் ஒன்றாக அதை எண்ணியது. சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் அதைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றனுள் அடக்கிவிட்டார். அதை ஆராய்ந்த தார்க்கிகர் விதித்த நிபந்தனை ஒன்று உண்டு: பொருள் காணத்தக்கதாயிருத்தல் வேண்டும். வெளிச்சமான தரையில் குடம் இருந்தால் கண்ணில் பட்டே தீரும். ஆகையால் படாமையே அதன் இன்மைக்குச் சான்று. இருட்டறையில் அந்தச் சான்று செல்லாது.

உதயனாசாரியர் நியாய குஸுமாஞ்ஜலியின் மூன்றாம் ஸ்தபகத்தில், ஈசுவரனைக் கண்டவர் இல்லையாதலால் ஈசுவரனே இல்லை என்பாரை இந்த நிபந்தனையைக் கொண்டே மடக்கினார். அப்படியானால் முயற்கொம்பும் காண்டலுக்கு எட்டாததென்று தப்பிவிடுமே என்ற ஆக்ஷேபத்திற்கும் அவர் விடை வைத்திருந்தார்: கொம்பென்பது இயல்பிலேயே காணத்தக்க பொருள், முயலின் தலையில் அது காணப்படாமையே அதை மறுத்துவிடும். கூரிய விடைதான். ஆனால் இது மறுப்பாரின் வாயை அடைக்குமேயன்றி, உள்ளதென்று நாட்டாது. நாட்டுவதற்கு அநுமானம் வேண்டும். அத்தியில் அது எளிது. மாவிலும் புளியிலும் பூவுக்குப் பின்னரே காய் வரக் கண்டவன், காயைக் கொண்டு காணாத பூவை ஊகிக்கலாம். உலகத்தைக் கொண்டு உலகைப் படைத்தவனை ஊகிப்பவன், படைக்கப்பட்ட வேறு எந்த உலகத்தை முன்பு கண்டிருக்கிறான்?

இதைக் கேட்டவர் நாஸ்திகர் மட்டுமல்லர். காஞ்சி வரதனுக்குக் கைங்கரியம் செய்த இராமானுஜரே ஸ்ரீபாஷ்யத்தில் நையாயிகரின் அநுமானத்தை மறுத்துரைத்தார். குடத்தைக் கண்டு குயவனை ஊகிப்பது போல ஊகித்தால், உடலும் குறைந்த அறிவும் உடைய ஒரு கர்த்தாவே, ஒருவேளை பலரே, கிடைப்பர். ஸர்வக்ஞனான ஒருவன் கிடைக்கமாட்டான். அவனை அறிவிக்க வல்லது சாஸ்திரம் ஒன்றே என்பது அவர் முடிவு. நம்பிக்கையுடையவர் ஒருவர் தம் பக்கத்து வாதத்தின் பலவீனத்தைத் தாமே வெளிப்படுத்தியது, எதிரிகளை வென்றதினும் பெரிய காரியம் என்றே நான் கருதுகிறேன். அத்தகைய நேர்மைக்குச் சாந்தோக்யத்திலேயே முன்மாதிரி உண்டு. உத்தாலகர், சுவேதகேதுவை ஆலம்பழமொன்றைக் கொணரச் செய்து, அதைப் பிளக்கச் சொல்லி, உள்ளிருந்த விதையையும் பிளக்கச் சொல்லி, அங்கே ஒன்றும் காணவில்லையென்று மகன் வாயாலேயே வரவழைத்த பிறகுதான், அக்காணாத நுண்மையிலிருந்தே இப்பெருமரம் நிற்கிறது, சிரத்தை கொள் என்றார். இக்காலத்து உபந்நியாசங்களில் சிரத்தை மட்டும் வற்புறுத்தப்படுகிறது. பிளந்து பார்க்கச் சொன்னதை எவரும் நீட்டி விளக்கக் காணோம். சுவேதகேதுவும் அம்மட்டில் அமைந்துவிடவில்லை. இன்னும் விளங்கச் சொல்ல வேண்டுமென்று கேட்டான். தந்தையும் சினவாமல், உப்பைத் தண்ணீரில் இட்டுவைத்து மறுநாட் காலையில் வருமாறு பணித்தார்.