கையை விட்டுப் பார்த்தால்

சின்ன விமானங்களுக்கு ஒரு குணம் உண்டு. காற்று அடங்கிய காலை வேளையில் மட்டமாகப் பறந்துகொண்டிருக்கும்போது கைப்பிடியிலிருந்து கையை எடுத்தால், ஒரு பக்க இறக்கை மெல்ல மெல்லத் தாழும். 'இடது இறக்கை பாரம்' என்பார்கள். கழற்றி நிறுத்துப் பார்த்தால் இரண்டும் அநேகமாக ஒரே நிறைதான் இருக்கும்.

இதை எனக்கு விளங்கப்படுத்தியவன் இரத்மலானையில் விமானம் ஓட்டப் பழகும் என் தங்கையின் மகன். 1935 நவம்பர் 27ஆம் திகதி மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல்-பிஸ்கோ ஒரு 'பஸ் மோத்' விமானத்தை அங்கே முதன்முதலில் இறக்கியதிலிருந்து, சின்ன விமான இரைச்சல் எங்கள் கிருலப்பனை மொட்டைமாடிகளுக்குப் பழகிப்போன சங்கதி. நான் அண்ணாந்து பார்ப்பதைக்கூட விட்டுவிட்டேன். ஆனால் அவன் சொன்ன ஒன்று மனதில் தங்கிவிட்டது. பாரமான இறக்கையைப் பழகுகிறவர்கள் கவனிப்பதே இல்லையாம். கை தன்பாட்டில் மற்றப் பக்கம் அழுத்தத் தொடங்கிவிடும். இறங்கி வந்தபின் முழங்கை உளையும். விமானத்தில் ஏதும் குறையா என்று கேட்டால், இல்லை, நேராய்த்தான் போனது என்பார்கள்.

"கையை விட்டாத்தான் தெரியும் மாமா. ஆனா விடப் பயம்."

எனக்கு அக்காவின் நினைவு வந்தது. அம்மாவின் மருந்து, தண்ணீர் பில், தம்பிமாருக்குள் வரும் மனஸ்தாபம், எல்லாவற்றிலும் அவவின் கை இருக்கும். எங்கள் வீடு நேராகப் போகிற வீடு என்று ஊரெல்லாம் பெயர்.

விமானத்தின் சரிவைத் திருத்துவதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் பார்ப்பது இறக்கையை அல்ல. விமானியின் முன்னால் வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு கறுப்புக் குண்டு கிடக்கும். அது நடுவில் நிற்காவிட்டால் விமானம் பக்கவாட்டில் இழுபட்டுப் போகிறது என்று அர்த்தம். அப்போது வால் சுக்கானின் கோளாறு இறக்கையின் கோளாறு மாதிரி வேஷம் போடும். அதன்பிறகு இரண்டு பக்கத் தாங்கியிலும் பெற்றோல் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்? இலகு ரக இரட்டை இருக்கை விமானங்களுக்கு 2004இல் அமெரிக்கா வைத்த உச்ச நிறை 600 கிலோ. அதில் 70 கிலோ ஆள் ஒருவர் இறங்கிப் போவது சின்ன விஷயமல்ல. மாணவன் இடப்பக்கம், வாத்தியார் வலப்பக்கம். முதன்முதலாகத் தனியே பறக்கிற அன்று வலது இருக்கை காலி. விமானம் இடப்பக்கம் சாயப் பார்க்கும். இறக்கையில் ஒரு குறையும் இல்லை. வாத்தியார் இல்லை, அவ்வளவுதான்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சரிந்தால்தான் மெக்கானிக் இறக்கையில் கை வைப்பார். இறக்கை பூட்டிய கோணம், ஃப்ளாப் இரண்டும் ஒரே மட்டமா என்றெல்லாம் அளப்பார். கடைசியில், எய்லரானின், அதாவது இறக்கையின் பின்னால் மேலும் கீழும் அசையும் பலகையின், பின்விளிம்பில் ஒட்டியிருக்கும் சின்ன அலுமினியத் தகட்டை, தாழ்கிற பக்கத்தில், மயிரிழை அளவு மேலே மடிப்பார். காற்று அந்தத் தகட்டை அமுக்க எய்லரான் கீழே இறங்கும், இறக்கை எழும்பும். ஒரு தடவை பறந்து பார்ப்பது, இறக்குவது, இன்னும் துளி மடிப்பது.

ஒரு கோணலுக்கு இன்னொரு கோணலா என்று முதலில் எனக்கு உறுத்தியது. ஆனால் 1903இல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானமே அப்படித்தான். எஞ்சின் நடுவுக்கு வலப்பக்கம், படுத்தபடி ஓட்டுபவர் இடப்பக்கம். எஞ்சின் ஆளைவிடப் பாரம். அதனால் வலது இறக்கையை நாலு அங்குலம் நீளமாக வைத்தார்கள்.

தகடு எல்லாவற்றையும் தீர்க்காது என்பதையும் மருமகன்தான் சொன்னான். பிசகு இறக்கையின் அமைப்பில் என்றால், வேகம் கூடக் கூட அது இழுக்கும் பலமும் கூடும்; தகட்டின் பலமும் கூடவே கூடுவதால் இரண்டும் சரிக்குச் சரி. ஆனால் சரிவு பாரத்தால் வந்ததென்றால், பாரம் எந்த வேகத்திலும் அதே பாரம். வேகமாகப் போகும்போது மடித்து வைத்த தகடு, வேகம் குறைந்ததும் கைவிட்டுவிடும்.

2022 பொருளாதார நெருக்கடியில் இதேதான் எங்களுக்கும் நடந்தது. ஹைலெவல் வீதியில் பெற்றோல் வரிசை வளைந்து வளைந்து நின்ற மாதங்கள். பெற்றோல் பங்கீட்டுக்கான கியூஆர் அட்டையோடு அலைந்த நாட்கள். கைக்காசு ஓடுகிற வேகத்தில் மறைந்திருந்த பாரமெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. கனடா போன தம்பியின் இடம் காலியாகிப் பல வருடமாகியும், அவன் செய்துகொண்டிருந்த வேலைகளை யாரும் பிரித்து எடுக்கவில்லை. அவன் அனுப்பிய பணம் எங்களுக்குத் தகடாக இருந்தது. பணம் பிந்தியதும் வங்கி, ஆஸ்பத்திரி, எரிவாயு சிலிண்டருக்கு நிற்பது எல்லாம் அக்காவின் பக்கம் சாய்ந்தன. நாங்களோ அக்காவுக்குக் கோபம் கூடிவிட்டது என்று பேசிக்கொண்டோம். சரிந்த பக்கத்தைக் குறை சொல்வது எவ்வளவு சுலபம்! காலியான பக்கம் கண்ணில் படாது.

போன மாதம் அக்காவிடம், ஒரு மாதம் எதையும் தொடாமல் சும்மா இருந்து பாருங்கோ, எது எந்தப் பக்கம் விழுகிறது என்று தெரியட்டும் என்றேன்.

"விழுந்தா?"

"உயரத்தில இருக்கும்போதுதான் விட்டுப் பார்க்கோணும். இப்ப கொஞ்சம் உயரத்திலதான் இருக்கிறம்."

தண்ணீர் பில்லை மட்டும் என்னிடம் தந்திருக்கிறா. மருந்துக் கொப்பியைத் தரவில்லை.