முதியோரின் கைப்பணியை வாங்கிக்கொள்வது தொண்டாகுமா?

ஈழத்துப் பஞ்ச ஈச்சரங்களுள் ஒன்றாகிய நகுலேஸ்வரம் அமைந்த கீரிமலை, தீர்த்தத்தால் பெருமை பெற்ற தலமாகும். கடலோரத்திலே நன்னீர் ஊறும் இக்கேணியில் நீராடி நகுல முனிவர் கீரிமுகம் நீங்கப்பெற்றார் என்றும், சோழ இளவரசியாகிய மாருதப்புரவீகவல்லி குதிரைமுகம் மாறப்பெற்றாள் என்றும் தலவரலாறு கூறும். இவ்வரலாற்றில் பலரும் கவனியாது விடும் நுட்பம் ஒன்றுண்டு. இளவரசிக்குப் பணிப்பெண்கள் பலர் இருந்திருப்பர். ஆயினும் தீர்த்தத்தைக் குடத்தில் மொண்டு சென்று அரண்மனையில் அவள் தலையில் வார்த்ததாகக் கதை இல்லை. அவளே வந்தாள், அவளே படியிறங்கி நீராடினாள். பிணி நீங்குவதில் பிணியுற்றவளுக்கும் ஒரு பணி இருந்தது.

இன்று வலிகாமத்து வீடுகள் பலவற்றில் வேறொரு காட்சி காணப்படுகின்றது. பிள்ளைகள் கனடாவிலோ இலண்டனிலோ இருப்பர். வயது முதிர்ந்த தாயார் ஊரில் இருப்பார். அவரைப் பார்ப்பதற்கு ஓர் உறவினரோ, சம்பளத்துக்கு ஒருவரோ அமர்த்தப்பட்டிருப்பர். தொலைபேசியில் வரும் கட்டளை பெரும்பாலும் ஒன்றுதான்: “அம்மாவை ஒரு வேலையும் செய்ய விடாதேங்கோ. அவ கதிரையில இருக்கட்டும்.” இது அன்பினால் வரும் சொல் என்பதில் ஐயமில்லை. வாழ்நாள் முழுவதும் கிணற்றில் தண்ணீர் அள்ளி, அடுப்பூதி, தோட்டத்துக்கும் வீட்டுக்குமாக ஓடிய கைகளுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று பிள்ளை நினைப்பது நியாயமே. பெற்றோரைத் தெய்வமாகப் பேணவேண்டும் என்பதே சைவர் வழிவழியாகக் கற்ற ஒழுக்கமுமாகும்.

ஆனால் நடப்பது என்ன? முதலில் கிணற்றடி விலக்கப்படுகின்றது. பின்னர் அடுப்படி. “வழுக்கிப்போடும்” என்று முற்றம் கூட்டுவது நிற்கின்றது. ஈற்றில் சுவாமிக்குப் பூக்கொய்வதையும் வேறொருவர் செய்கின்றார். சில காலத்தில் அந்தத் தாயார் பிறர் கைகொடுத்தாலன்றிக் கதிரையிலிருந்து எழும்ப முடியாதவராகின்றார். முதுமையில் சில நாட்கள் படுக்கையில் கிடந்தாலே கால்களின் தசைவலு குறையும் என்பதை வைத்தியர்கள் அறிவர். வலு குறைந்தால் விழுவோமோ என்ற அச்சம் வரும். அச்சத்தால் நடை குறையும். நடை குறைய வலு மேலும் குறையும். உள்ளத்தில் நேர்வது இதனினும் பெரிது. தன்னால் ஒருவருக்கும் ஒரு பயனும் இல்லை என்ற எண்ணம் வந்து குடியேறுகின்றது. ஆகவே கேள்வி இதுதான்: முதியவர் கையிலிருக்கும் பணியை வாங்கிக்கொள்வது தொண்டா, அன்பின் பெயரால் நிகழும் பறிப்பா?

இக்கேள்வியையே தன் அடிப்படையாகக் கொண்ட வைத்தியத்துறை ஒன்று உண்டு. தமிழில் அதைத் தொழில்வழிச் சிகிச்சை என்பர். பெயரில் வரும் ‘தொழில்’ என்ற சொல் பலரைத் தவறாக எண்ணச் செய்கின்றது. இது சம்பாதிக்கும் உத்தியோகத்தைக் குறிப்பதன்று. குளித்தல், உடுத்தல், புட்டவித்தல், பூக்கட்டுதல், பேரப்பிள்ளைக்குக் கதை சொல்லல், கோயிலுக்குச் செல்லல் என ஒருவர் தம் நாளை எவற்றால் நிரப்புகின்றாரோ அவையாவும் இங்கே தொழிலே. பாரிசவாதத்தால் சோர்ந்த கைக்குப் பயிற்சி கொடுத்து அசைவையும் வலுவையும் மீட்பது உடற்பயிற்சிச் சிகிச்சையாளரின் முதன்மையான வேலை. அந்தக் கையால் இவர் எதைச் செய்ய விரும்புகின்றார் என்று கேட்டு, அதைச் செய்ய வழிகாண்பது தொழில்வழிச் சிகிச்சையாளரின் வேலை.

இத்துறையின் பிறப்பும் ஒரு நீரூற்றின் அருகிலேயே நிகழ்ந்தது என்பது கீரிமலை அடியார்களுக்குச் சுவையான செய்தியாகலாம். அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலுள்ள கிளிப்டன் ஸ்பிறிங்ஸ் என்னும் சிற்றூர் கந்தக நீரூற்றுக்குப் பெயர்பெற்றது. ஜோர்ஜ் எட்வேர்ட் பார்ட்டன் என்னும் கட்டடக் கலைஞர் காசநோயால் நலிந்து, பாதத்தின் ஒரு பகுதியை இழந்து, உடலின் இடப்பக்கமும் செயலிழந்த நிலையில் அவ்வூர்ச் சிகிச்சை நிலையத்தை அடைந்தார். தோட்டவேலையும் தச்சுவேலையும் செய்தே தம்மை மீட்டுக்கொண்டார். பின்னர் அங்கேயே ஒரு வீட்டை வாங்கி அதற்கு ‘ஆறுதல் இல்லம்’ என்று பெயரிட்டார். 1917 மார்ச்சில் அவ்வில்லத்தில் கூடிய சிலர் அமைத்த சங்கமே இத்துறையின் தொடக்கம் எனக் கொள்ளப்படுகின்றது.

அடியார்களுக்கு இக்கருத்து மேலைத்தேயத்திலிருந்து வரவேண்டியதில்லை. பெரியபுராணத்துத் தண்டியடிகள் நாயனார் பிறவியிலே பார்வையற்றவர். திருவாரூர்க் கோயிற் குளம் தூர்ந்து குறுகியது கண்டு அதைத் தாமே தோண்ட முற்பட்டார். குளத்தினுள்ளே ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நாட்டி, இடையே கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிக்கொண்டே மண்கூடையைச் சுமந்து சென்று கொட்டினார். உனக்கு இயலாது, நீ இரு என்று அவரை எவரும் இருத்தவில்லை. அவர் செய்ய விரும்பிய பணிக்கு ஒரு கயிறு போதுமானதாக இருந்தது. குளியலறைச் சுவரில் பிடிகம்பி பொருத்துவதும், நடுங்கும் கைக்காகக் கரண்டிப் பிடியைத் துணிசுற்றித் தடிப்பாக்குவதும், குந்தியிருக்க முடியாதவருக்குக் கதிரைபோன்ற மலசலகூடம் அமைப்பதும் அந்தக் கயிற்றின் வழியில் வந்தவையே. தண்டியடிகளின் கயிற்றையும் தறியையும் பறித்தவர்கள் அவரை வெறுத்தவர்கள். இன்றைய வீடுகளில் கயிற்றைப் பறிப்பவர்கள் அன்புடையவர்கள் என்பதே வேறுபாடு. பறிகொடுத்தவர் நிலையில் பெரிய வேறுபாடு இல்லை.

பிட்டுக்கு மண்சுமந்த திருவிளையாடலையும் இங்கே நினைக்கவேண்டும். வைகைக் கரையை அடைக்க வீட்டுக்கொருவர் வரவேண்டும் என்று பாண்டியன் கட்டளையிட்டான். வந்திக் கிழவிக்கு ஆளில்லை. இறைவன் கூலியாளாக வந்து மண்சுமக்கும் வேலையை ஏற்றான். அது அவளால் இயலாத வேலை. ஆனால் இறைவன், “ஆச்சி, இனி நீ பிட்டும் அவிக்க வேண்டாம்” என்று சொல்லவில்லை. அவள் அவித்த பிட்டையே கூலியாகக் கேட்டு வாங்கி உண்டான். இயலாததைத் தான் ஏற்று, இயன்றதை அவள் கையிலேயே விட்டு, அதற்கு மதிப்பும் கொடுத்தான். முதியோர் பராமரிப்பில் எதை வாங்குவது, எதை விடுவது என்று தடுமாறுபவருக்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி கிடைத்தல் அரிது.

வெறுமனே பொழுதுபோக்கினால் இப்பயன் கிடைக்காதா என்று கேட்கலாம். அதற்கும் ஓர் ஆய்வு விடை தந்தது. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் 60 வயதுக்கு மேற்பட்ட 361 பேரைக் கொண்டு புளோறன்ஸ் கிளாக் என்பவரும் உடனாய்வாளரும் நடத்திய ஆய்வு 1997ஆம் ஆண்டு வெளிவந்தது. ஒரு பிரிவினருக்குத் தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் ஒன்பது மாதம் வழிகாட்டி, அவரவர் வாழ்வுக்குப் பொருளுள்ள பணிகளை அவரவரே தேர்ந்து அன்றாடத்தில் இணைக்கச் செய்தனர். இன்னொரு பிரிவினருக்குப் படம் பார்த்தல், விளையாட்டு, சுற்றுலா, கைவேலை முதலிய கூட்டுப் பொழுதுபோக்குகள் அளிக்கப்பட்டன. மூன்றாம் பிரிவினர் வழமைபோல விடப்பட்டனர். முடிவில் முதற்பிரிவினரே உடல்நலத்திலும் மனநலத்திலும் வாழ்க்கைத் திருப்தியிலும் நன்மை பெற்றனர். பொழுதுபோக்குப் பிரிவினரோ ஒன்றும் பெறாதவரைவிட மேம்படவில்லை. முதியோரை வரிசையாக இருத்தி, பொன்னாடை போர்த்தி, தேநீர் கொடுத்து அனுப்பும் விழாக்களை நடத்துவோர் இம்முடிவைச் சற்று ஆறுதலாக வாசிப்பது நல்லது.

இவ்வுண்மையின் மறுபக்கத்தைக் கீரிமலை மக்கள் அறிந்த அளவுக்குப் பிறர் அறிந்திரார். 1990இல் வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தது. மக்கள் மல்லாகம், சுன்னாகம் முதலிய இடங்களிலிருந்த நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வீடுகளிலும் பல்லாண்டுகள் இருந்தனர். அன்று அறுபதை அண்மித்தவர்களின் முதுமை முழுவதும் அங்கேயே கழிந்தது. நிவாரண அரிசி கிடைத்தது. ஆனால் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் மரவள்ளியும் செய்தவருக்குத் தோட்டம் இல்லை. வலை இழுத்தவருக்குக் கடல் இல்லை. நாள்தோறும் கேணியில் தோய்ந்து நகுலேஸ்வரரை வழிபட்டவருக்குக் கோயில் இல்லை. தம் பிழை ஏதுமின்றிப் புறக்காரணங்களால் தமக்குரிய பணிகளிலிருந்து ஒருவர் நீண்டகாலம் விலக்கப்படும் இந்நிலையைத் தொழில்வழிச் சிகிச்சை அறிஞர்கள் ஒரு தனிக் கேடாகவே கருதுகின்றனர். கேல் வைட்போர்ட் என்பவர் 2000ஆம் ஆண்டில் இதுபற்றி எழுதியுள்ளார். போர் முடிந்தபின் நிலங்கள் படிப்படியாக விடப்பட்டு, 2012இல் நகுலேஸ்வரத்தில் கும்பாபிஷேகமும் நிகழ்ந்தது. காத்திருந்த முதியோரில் பலர் அதற்குமுன் இறைபதம் அடைந்துவிட்டனர். பிழைத்து மீண்டவரைத் திரும்பவும் கதிரையிலேயே இருத்துவது எவ்வகையில் நீதி?

இதற்கு மறுப்புகள் உண்டு. அவை எளிதில் தள்ளத்தக்கன அல்ல. சும்மா இருத்தலே மேலான நிலை என்று ஞானியர் கூறவில்லையா, முதுமையிலாவது ஒருவர் பணிகளை விட்டு இறைவனை நினைத்திருக்க வேண்டாமா என்று கேட்பர். யாழ்ப்பாணத்துச் சித்தர் மரபிலும் இக்கருத்துப் போற்றப்படுகின்றது. ஆனால் அந்தச் சும்மா இருத்தல் ஒருவர் தாமே அடையும் அடக்கம். மற்றவர் கதவடைத்துத் தருவதன்று. தாமே பணிகளைக் குறைத்து செபத்தில் இருக்க விரும்பும் முதியவருக்கு அதுவே அவர் தேர்ந்த பணி. அதையும் மதிக்கவேண்டும்.

விழுந்தால் என்ன செய்வது என்பது அடுத்த மறுப்பு. இடுப்பெலும்பு முறிவு முதியவரின் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது உண்மை. ஆகவே வழுக்கும் கிணற்றடிக்கு அனுப்பிவிடு என்பதன்று இங்கே சொல்லப்படுவது. கிணற்றடியைச் சொரசொரப்பாக்கி, பிடிகம்பி வைத்து, தண்ணீரைத் தொட்டியில் நிறைத்து, குளிப்பதை மட்டும் அவரே செய்ய விடுவது ஒரு வழி. அதிலும் சிறிது ஆபத்து எஞ்சும். அதை எந்த அளவுக்கு ஏற்பது என்பதைப் பிள்ளை மட்டும் தீர்மானித்தல் ஆகாது, வாழ்பவர் அவரல்லவா!

இன்னொன்றும் உண்டு. பேரப்பிள்ளைகளைக் காலைமுதல் இரவுவரை சுமக்கும் அம்மம்மாவும், வறுமையால் எழுபது வயதிலும் கூலிக்குப் போகும் அப்புவும் இவ்வூர்களில் இருக்கின்றனர். அவர்களுக்கு வேண்டியது ஓய்வே. பணியை விட்டுவைத்தல் வேறு, வேலை வாங்குதல் வேறு.

இலங்கை மக்கட்டொகையில் 60 வயதுக்கு மேற்பட்டோர் 1981இல் 6.6 வீதமாகவும் 2012இல் 12.4 வீதமாகவும் இருந்தனர். அதன்பின்னும் அவ்வீதம் உயர்ந்தே வந்துள்ளது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை என்று கூறுகின்றது. பேணாத பிள்ளையிடமிருந்து பராமரிப்புப் பணம் பெற வழியும் செய்கின்றது. ஆனால் பூக்கூடையைத் தாயின் கையில் விட்டுவைக்கும்படி எந்தச் சட்டமும் கட்டளையிட முடியாது. தொழில்வழிச் சிகிச்சையாளர்களும் நாட்டில் குறைவு. அரச வைத்தியசாலைகளிலேயே பெரும்பாலும் காணப்படுகின்றனர். பாரிசவாதம் வந்தவரையோ மறதி கூடியவரையோ வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வோர், இச்சேவை எங்கே கிடைக்கும் என்று அங்கேயே கேட்டறியலாம்.

எஞ்சியதில் ஒரு பங்கைக் கோயில்கள் ஏற்கலாம். மாலை கட்டுதல், தோரணம் பின்னுதல், அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டுதல், விளக்குத் துடைத்துத் திரி போடுதல் ஆகியவற்றை இருந்தபடியே செய்யலாம். விரல்களுக்கும் கண்ணுக்கும் நினைவுக்கும் ஒருங்கே பயிற்சி தருபவை இவை. யாழ்ப்பாணத்துக்கே உரிய கந்தபுராண படனமோ இவற்றினும் மேலானது. ஒருவர் வாசிக்க, ஒருவர் பயன் சொல்ல, அறுபது ஆண்டு கேட்டுப் பழகிய முதியவர்களே அதில் தேர்ந்தவர்கள். பல இடங்களில் அவர்கள் ஒதுங்கியதற்குக் காரணம் அறிவு குன்றியதன்று. சிற்றெழுத்துப் புத்தகம், மங்கிய விளக்கு, பாயில் சம்மணமிட்டால் எழும்ப முடியாத முழங்கால் ஆகிய மூன்றுமே. பேரெழுத்துப் பிரதி ஒன்றும், வாசிப்பவருக்கு அருகில் நல்ல வெளிச்சமும், கைப்பிடியுள்ள இரண்டு கதிரைகளும் அடுத்த படனம் தொடங்குமுன் வைக்கக்கூடியவை. கதிரையில் இருந்து புராணம் வாசித்தல் முறையோ என்று தயங்குவோர் கோயிற் குருக்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.