கணக்கு யார் கையில்?

நாட்டு விடுதலை என்றதும் கொடி, ஊர்வலம், சிறை என்றுதான் நமக்கு நினைவு வரும். தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே.சி. குமரப்பா அந்தப் போராட்டத்துக்குக் கணக்குப் புத்தகத்தோடு வந்தவர். லண்டனில் தணிக்கைப் படிப்பு, பம்பாயில் தொழில், பிறகு அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம். இந்தியாவின் வறுமைக்கான காரணத்தை ஆங்கிலேய அரசின் வரவு செலவிலேயே தேடி ஆய்வேடு எழுதினார்.

1929-இல் காந்தியைச் சந்தித்தார். காந்தி அவரிடம் ஒப்படைத்த வேலை, குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் ஊர் ஊராகப் போய் உழவர்களின் வரவையும் கடனையும் விசாரித்து எழுதுவது. பிரிட்டன் நம் தலையில் ஏற்றிய கடனில் எது நியாயம் என்று பார்க்க 1931-இல் காங்கிரஸ் அமைத்த குழுவிலும் அவர் இருந்தார். பின்னாளில் சிறையில் இருந்தபோது, ஆண்டுதோறும் திரும்பி வரும் செல்வம் வேறு, எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும் செல்வம் வேறு என்று பிரித்து ஒரு பொருளாதாரத்தையே எழுதினார்.

அந்தப் பிரிப்பு எவ்வளவு கூர்மையானது என்பதற்குப் பசிபிக் கடலின் நவுரு சாட்சி. 21 சதுர கிலோமீட்டர் தீவு. அந்நியர்கள் பல பத்தாண்டுகள் அதன் பாஸ்பேட்டை வெட்டி எடுத்தார்கள். 1968-இல் விடுதலை வந்தது. சில ஆண்டுகளில் சுரங்கமும் சொந்தமானது. எதிர்காலத்துக்கென்று நிதியும் ஒதுக்கினார்கள். மெல்போர்னில் வானுயர்ந்த கட்டடம், சொந்த விமானங்கள் எல்லாம் வந்தன. பாஸ்பேட் வற்றியபோது நிதியும் கரைந்திருந்தது. சேமிக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. சேமித்தது எங்கே போகிறது என்பதைத் தீவின் சாதாரண மக்கள் பார்க்க வழியில்லாமல் போனது.

நவுருவின் கேள்வி எங்கள் பக்கமும் உண்டு. கூட்டேரிப்பட்டில் இறங்கி மயிலம் வரும் வழியில், மல்லாட்டை போட்ட கொல்லைகளில் இன்று மனைக்கற்கள் நிற்கின்றன. விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மானாவாரியில் மழை பொய்த்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மகளை நர்சிங் படிக்க வைக்க அரை காணி விற்றவர் விதைநெல்லைத் தின்றவர் ஆகமாட்டார். வேறு நிலத்தில் விதைத்தவர். அதே பணத்தில் காரும் கல்யாண மண்டபமும் என்று முடித்தவரின் கதை வேறு. இரண்டு வீட்டிலும் பத்திரத்தில் எழுதிய தொகை ஒன்றாகவே இருந்திருக்கலாம்.

ஆகவே விற்கலாமா கூடாதா என்பதைவிட, போனது எதுவாகத் திரும்பி வருகிறது, அதை யார் எழுதி வைக்கிறார்கள் என்பதே கேள்வி. வெளியிலிருந்து வரும் ஆலோசகர் கணக்கு எழுதக் கற்றுக்கொடுக்கலாம். நோட்டை அவரே வைத்துக்கொண்டால் ஆள்பவர்தான் மாறியிருக்கிறார், ஆட்சி மாறவில்லை. வீட்டிலும் அப்படித்தான். கடன் எவ்வளவு, தவணை எவ்வளவு என்று மனைவிக்குத் தெரியாத வீட்டில் ஒருவருக்கு மட்டுமே சுதந்திரம். வருவது இது, திரும்பாதது இது என்று எல்லோரும் உட்கார்ந்து பேசுகிற வீடு ஏழை வீடாக இருக்கலாம். அடிமை வீடாக இராது.