முதலில் யாரைக் கேட்பது?

வணிகச் சகோதரர்களே! பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலை என்று நாள்தோறும் சொல்கிறோம். அப்பெயருக்குரியவர் செய்த ஒரு காரியம் நம் சிந்தனைக்குரியது.

1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் சில தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி இலாபத்துக்கு விற்றார்கள். வாங்கியதும் சட்டப்படி, விற்றதும் சட்டப்படி. ஆனால் அம்மண்ணிலேயே பிறந்து பால்மரம் சீவிய ஏழைகள் பலர் வேலையையும் லயன் வீட்டையும் இழந்தனர். 1960இல் சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தைக் கொண்டு அது 1961இல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது.

தன் பொருளை விற்க ஒருவனுக்கு உரிமையில்லையா? உண்டு. ஆயினும் கூட்டு நிலத்தில் தம் பங்கை விற்பவர் முதலில் கூட்டாளிக்கு அறிவிக்க வேண்டுமென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விதித்தார்கள். இதுவே ஷுஃப்ஆ. ஹனஃபி மத்ஹபில் அண்டை நிலத்தாருக்கும் இவ்வுரிமை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் கூட்டாளிக்கு மட்டுமே. கூலிக்காரருக்கு இரண்டிலும் இல்லை, மெய்தான். ஆனால் அச்சட்டத்தின் கருத்து என்ன? விற்பனையால் தீங்குறக் கூடியவரை முதலில் கேள் என்பதல்லவா? பணத்தால் கூட்டாளி ஆகாதவர் வியர்வையால் கூட்டாளியே.

கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் நிலம் வாங்கி விற்போர் நம்மில் உண்டு. விலை பேசுமுன் அங்கே குடியிருப்பவரை ஒரு வார்த்தை கேளுங்கள்; இயலாதவருக்குத் தவணை கொடுங்கள். இலாபம் சற்றுக் குறையலாம். அல்லாஹ் தரும் பரக்கத் குறையாது.