சீரும் அவலும்

தலைதீபாவளிக்குப் பிறந்தகம் சென்று திரும்பும் பெண்ணின் பெட்டியை மாமியார் கூடத்தில் திறந்து சீர் எண்ணும் வழக்கம் சில அகங்களில் இன்றும் உண்டு. கடன்பட்டு வாங்கிய மோதிரமும் அங்கே எடை குறைந்ததாகிவிடுகிறது.

ஸ்ரீகீதையின் 17ஆம் அத்தியாயத்தில் எம்பெருமான், பிரதிபலன் கருதியோ மனவருத்தத்துடனோ கொடுக்கும் தானத்தை ராஜஸம் என்றருளினான். குறை கொடுத்தவனுடையதன்றோ என்று வாங்கினவர்கள் ஆறுதலடையலாம். அவனை வருந்தச் செய்தவர் யாவர் என்பதையும் விசாரிக்க வேண்டாமோ?

ஸ்ரீமத் பாகவதத்தின் தசம ஸ்கந்தத்தில் வரும் குசேலர் சரித்திரத்தை நோக்குவோம். அவருடைய பத்தினி அயலாரிடம் யாசித்துப் பெற்ற நான்கு பிடி அவலைக் கந்தையில் முடிந்து அனுப்பினாள். துவாரகையின் செல்வத்தைக் கண்டபின் அதை நீட்ட அவருக்கு நா எழவில்லை, தலைகுனிந்திருந்தார். உபந்யாஸங்களில் இவ்விடத்தைச் சிரிப்புக்காகச் சொல்வதுண்டு. அது ஏழையின் கூச்சம். சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. கண்ணனோ தனக்கென்ன கொணர்ந்தீர் என்று தானே வினவி, அம்முடிச்சைத் தானே பறித்து, விருப்பத்துடன் உண்டான். கொடுப்பவனின் கூச்சத்தைப் போக்கும் பொறுப்பை வாங்குகிறவனே மேற்கொண்டான். இரண்டாம் பிடியில் ருக்மிணிப் பிராட்டி தடுத்ததும் அளவு போதாமையாலன்று. ஒரு பிடியே ஸகல ஸம்பத்துக்கும் போதும் என்பதால்.

வேஷ்டியின் கரை அகலம் போதவில்லையென்று சம்பந்திகள் முகங்கொடுத்துப் பேசாத அகத்திலோ, அடுத்த பண்டிகைக்கு முன்பே பெண் தன் தகப்பனாரிடம், “ஒன்றும் கொண்டுவர வேண்டாம் அப்பா, நீங்களும் வர வேண்டாம்” என்று சொல்லிவிடுகிறாள்.