மேல் கையும் கீழ் கையும்

குந்தாரப்பள்ளிச் சந்தை வெள்ளிக்கிழமைதோறும் கூடும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர் அது. மற்ற நாட்களில், தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் பேருந்துகளும், பெங்களூர் போகும் லாரிகளும் அந்த ஊரை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் ஓடிக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் மட்டும் ஊருக்கு வேறொரு முகம் வந்துவிடுகிறது. எங்கு பார்த்தாலும் ஆடுகள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் புறப்படுகின்றன.

கதை எழுதுகிறவனுக்குச் சந்தையைப் போல் நல்ல பள்ளிக்கூடம் வேறில்லை. துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவது நம் சந்தைகளின் பழைய வழக்கம். அதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. வாங்குகிறவன் கையும் விற்கிறவன் கையும் துண்டுக்குள்ளே ஒரே மட்டத்தில் இருக்கின்றன. எந்தக் கை மேலே, எந்தக் கை கீழே என்று யாராலும் சொல்ல முடியாது. விலை படியவில்லையென்றால் கையை உதறிவிட்டுப் போய்விடலாம். அதில் யாருக்கும் அவமானம் இல்லை.

சென்ற மாதம் அந்தச் சந்தையில் நண்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். இரும்புக் கடை வைத்திருப்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து சேவைச் சங்கம் ஒன்று தொடங்கியிருக்கிறார்களாம். மலைக் கிராமங்களுக்குப் போய்த் தொண்டு செய்வதுதான் நோக்கமாம். முதல் ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை வேண்டும் என்றார்.

"சார், தொண்டோட பெருமையைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, போதும்."

"அதுக்கென்ன அண்ணா, எழுதறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று இரவுகள் உட்கார்ந்தேன். ஒரு வரி நகரவில்லை. பெருமையைப் பற்றி எழுதத் தொடங்கினால் ஒரு கிழவி வந்து எதிரே நின்றாள்.

இருபது ஆண்டுகளுக்கு முந்திய கதை. அப்போது எனக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஒரு நகரத்துத் தொண்டர் குழுவோடு, மார்கழி மாதத்தில் மலைக் கிராமம் ஒன்றுக்குப் போர்வை கொடுக்கப் போயிருந்தேன். நாங்கள் பதினோரு பேர். ஊரார் வரிசையாக நின்றார்கள். ஒரு கிழவியின் முறை வந்தது. போர்வையைக் கையில் வாங்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். படம் பிடிப்பவர், "சரியா விழலே, இன்னொரு தடவை" என்றார். எங்களில் ஒருவர் ஓடிப்போய்க் கிழவியைத் திருப்பி அழைத்து வந்தார். போர்வையை அவளிடமிருந்து வாங்கி, மறுபடியும் கொடுப்பதற்காகத் தலைவரின் கையில் வைத்தார். கிழவி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"ஏம்ப்பா, மொதல்ல வாங்குனது கணக்குல வராதா?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

நாங்கள் கொடுத்த போர்வை நல்ல போர்வை. அந்தக் குளிருக்கு அவளுக்கு அது தேவை. எங்கள் எண்ணத்திலும் கெடுதல் இல்லை. அப்படியிருந்தும், அன்று ஒரு தவறு நடந்தது. அந்தத் தவறு படம் பிடித்தவருடையது மட்டும்தானா? அவர் வராமல் இருந்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்குமா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் தொண்டின் பெருமையை எப்படி எழுதுவது?

தொண்டுக்காகச் சங்கம் சேர்ப்பது நூறாண்டுக்கு மேற்பட்ட பழக்கம். 1905-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர், வியாபார நண்பர்கள் மூவரோடு ஒரு கூட்டம் போட்டார். பெரிய நகரத்தில் சிநேகம் இல்லாமல் தவித்தவர் அவர். முறை வைத்து ஒவ்வொருவருடைய அலுவலகத்திலும் கூடியதால், சுழற்சி என்ற பொருளில் அதற்கு ரோட்டரி என்று பெயர் வந்தது. சிநேகத்துக்காகத் தொடங்கியது பிற்பாடு சேவையில் இறங்கியது. அவர்கள் முதன்முதலில் எடுத்துக்கொண்ட ஊர்க் காரியங்களுள் ஒன்று, சிகாகோவில் பொதுக் கழிப்பிடம் அமைக்கப் பாடுபட்டது. அது எனக்குப் பிடித்த செய்தி. கழிப்பிடத்தை உபயோகித்துவிட்டு வெளியே வருகிறவன் யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை அல்லவா?

அதே 1905-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், புனாவில் கோபால கிருஷ்ண கோகலே இந்திய ஊழியர் சங்கத்தைத் தொடங்கினார். சிகாகோக்காரர்கள் வியாபாரத்தையும் பார்த்துக்கொண்டு வாரத்தில் ஒரு வேளையைச் சேவைக்கு ஒதுக்கினார்கள். கோகலேயோ, சொந்தத்துக்குப் பொருள் தேடுவதில்லை என்று விரதம் பூண்டவர்களையே சேர்த்துக்கொண்டார். அந்தச் சங்கத்தில் 1914-ல் சேர்ந்தவர் தக்கர் பாபா. சென்னைத் தியாகராய நகரில் அவர் பெயரில் வித்தியாலயம் இருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1922-ல் அவர் பில் மக்களுக்காகச் சேவா மண்டலம் அமைத்து, அவர்களிடையே பணி புரிந்தார்.

ஒரு வேளையைக் கொடுப்பது ஒரு வழி; ஆயுளையே கொடுப்பது மற்றொரு வழி. இரண்டாவது வழி உயர்ந்தது என்றுதான் நானும் வெகுநாள் எண்ணியிருந்தேன். ஆனால் அதனால் மட்டும் கிழவியின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடாது. போர்வை கொடுக்கிறவன் கொஞ்ச நேரம் மேலே நிற்கிறான். வாழ்நாள் முழுவதையும் கொடுக்கிறவன், ஜாக்கிரதையாக இல்லாவிட்டால், வாழ்நாள் முழுவதும் மேலே நிற்பான்!

பதிலுக்கு நான் சிகாகோவுக்கும் புனாவுக்கும் போயிருக்க வேண்டியதில்லை. குந்தாரப்பள்ளி இருக்கும் இதே மாவட்டத்தின் மலைகளிலேயே அது இருந்தது.

அஞ்செட்டிக்கு அப்பால், காவிரி ஓடும் திசையில், நாட்றாம்பாளையம் என்று ஓர் ஊர். கேழ்வரகும் கொள்ளும் விளையும் மானாவாரி நிலங்கள். மழை ஏமாற்றினால் வயிறும் ஏமாற வேண்டியதுதான். அந்த ஊருக்கு வந்து சேர்ந்தார் குழந்தை பிரான்சிஸ். சேலத்துப் பக்கத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். கிறிஸ்தவத் துறவற சபை ஒன்றில் சேர்ந்து, வங்கதேச அகதிகள் முகாமில் பணி புரிந்தவர். பிறகு சபையை விட்டு விலகியவர். நாட்றாம்பாளையத்தில் அவர் இரவுப் பள்ளி நடத்தினார். முதலுதவி நிலையம் வைத்தார். 1979-ல் ஒருங்கிணைந்த கிராம வளர்ச்சித் திட்டம் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். ஐ.வி.டி.பி. என்றால்தான் இங்கே எல்லோருக்கும் விளங்கும். அப்போது இது தருமபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்.

நோய்க்கு மருந்து, அறியாமைக்குப் பள்ளி என்று தொடங்கிய பணி, அடுத்துத் தண்ணீருக்கு வந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளில் 331 சிறு தடுப்பணைகள் கட்டினார்கள். 60 கிராமங்களின் உழவர்கள் பயன் பெற்றார்கள். மலையில் பெய்யும் மழை நிற்பதில்லை. மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடிவிடும். ஓடைக்குக் குறுக்கே தடுத்தால் அது கொஞ்சம் தங்கும். தங்கினால் மண்ணுக்குள் இறங்கும். இறங்கினால் கீழே உள்ள கிணற்றில் ஊறும். ஊறிய தண்ணீரில் யார் பெயரும் எழுதியிருப்பதில்லை. போர்வையைவிட அணை ஒரு படி மேல் என்பது அதனால்தான்.

ஆனாலும் அணைக்குப் பணம் வெளியிலிருந்து வந்தது. வெளியிலிருந்து வருகிறவரை, எவ்வளவு பணிவாகக் கொடுத்தாலும் மேல் கை மேல் கைதான்.

1989-ல் இந்த ஸ்தாபனம் பெண்களின் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது. தமிழக அரசும் அதே 1989-ல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, மாநிலத்திலேயே முதலாவதாக அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான் பெண்கள் குழுக்களை அமைக்கத் தொடங்கியது. குழு என்பது என்ன? பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் கூடுகிறார்கள். ஆளுக்குச் சிறு தொகை போடுகிறார்கள். சேர்ந்த பணத்தைத் தங்களுக்குள்ளேயே கடனாகக் கொடுத்துக்கொள்கிறார்கள். வட்டி எவ்வளவு, யாருக்கு முதலில் என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர். தீர்மானப் புத்தகம் உண்டு. எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். 1992-ல் நபார்டு வங்கி இத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முயற்சியைத் தொடங்கிய பிறகு, வங்கிக் கதவும் அவர்களுக்குத் திறந்தது. 2012-ல் குழந்தை பிரான்சிஸுக்கு மகசேசே விருது கிடைத்தபோது, அந்த ஸ்தாபனத்தின் குழுக்கள் 8,000-க்கு மேல். உறுப்பினர்கள் சுமார் 1,50,000 பெண்கள்.

எண்ணிக்கையைக் கண்டு நான் மயங்கவில்லை. என்னை யோசிக்க வைத்தது வேறு. அஞ்செட்டிப் பக்கம், பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு குழுவின் கூட்டத்தில் ஒரு மாலை ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஊக்குநர் கணக்கு வாசித்தாள். கைக்குழந்தையை மடியில் போட்டிருந்த ஒரு பெண் குறுக்கிட்டாள்: "அக்கா, பதினேழு ரூபா இடிக்குதே?" பெரிய சர்ச்சை! அரை மணி நேரம் கூட்டம் நகரவில்லை. பழைய பக்கங்களைப் புரட்டி, பதினேழு ரூபாய் எங்கே போயிற்று என்று கண்டுபிடித்த பிறகே அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

என் கிழவியும் கணக்குத்தான் கேட்டாள். அவள் கேட்டபோது நாங்கள் சிரித்தோம். இவள் கேட்டபோது கூட்டமே நின்று பதில் சொன்னது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பணத்தின் அளவில் இல்லை. கேட்கும் உரிமையில் இருக்கிறது.

இதற்கு மறுப்பு உண்டு. அதை மறைப்பது நேர்மை ஆகாது. குழுவின் பெயரால் கடன் கொடுத்துக் கழுத்தை நெரித்தவர்களும் உண்டு. 2010-ல் ஆந்திரத்தில் சிறுகடன் நிறுவனங்களின் வசூல் கொடுமையும், அதையொட்டி வந்த தற்கொலைச் செய்திகளும் அரசை அவசரச் சட்டம் போட வைத்தன. குழு என்ற பெயர் இருந்தால் போதாது. கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்பதே பேச்சு. இன்னொரு மறுப்பு இதைவிடப் பெரியது. குளிரில் நடுங்குகிறவளிடம் போய், "முதலில் குழுவில் சேர், பிறகு போர்வை" என்று சொல்ல முடியுமா? முடியாது; கூடவும் கூடாது. நாட்றாம்பாளையத்திலும் முதலில் வந்தது முதலுதவிதான். காயத்துக்கு மருந்து போடுகிறவன் சமத்துவம் வரட்டும் என்று காத்திருக்க மாட்டான்.

ஆனால் மருந்து போட்டவன் அங்கேயே நின்றுவிடக் கூடாது என்பதுதான் நான் சொல்ல விரும்புவது. வள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு முந்திய அதிகாரமாக அவர் வைத்தது ஒப்புரவு அறிதல். அந்தச் சொல்லுக்குள் ஒப்பு என்ற சொல் இருக்கிறது. ஒப்பை அறிந்த பிறகே ஈயப் போக வேண்டும் என்று எனக்கு நானே பொருள் செய்துகொள்கிறேன். பண்டிதர்கள் மன்னிக்கட்டும். உதவி பெறுகிறவன் "வேண்டாம்" என்று சொல்ல முடிய வேண்டும், "எங்கே கணக்கு?" என்று கேட்க முடிய வேண்டும். இந்த இரண்டுக்கும் இடம் இல்லாத தொண்டு, எவ்வளவு தியாகத்தோடு செய்தாலும், ஆதிக்கத்தின் அண்டை வீடுதான்.

நண்பரின் மலருக்கு அரைப் பக்கம் எழுதி, சென்ற வெள்ளிக்கிழமை சந்தையில் வைத்தே கொடுத்தேன். பெருமையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு வேண்டுகோள்: ஆண்டுக்கு ஒரு முறை சங்கத்தின் வரவு செலவுக் கணக்கை மலைக்கு எடுத்துப்போய், யாருக்காகச் செலவு செய்தீர்களோ அவர்கள் நடுவில் உட்கார்ந்து வாசியுங்கள்.

நின்றபடியே படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், அவங்க கேள்வி கேட்டா?"

"கேக்கத்தான் அண்ணா."

அவர் பதில் சொல்லவில்லை. காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மலரில் அது வருமோ வராதோ, எனக்கு வருத்தம் இல்லை. எனக்கு வருத்தம் வேறு. போர்வை கொடுத்த எங்கள் பதினோரு பேரின் பெயர்களும் மறுநாள் பத்திரிகையில் படத்தோடு வந்திருந்தன. அந்தக் கிழவியின் பெயரை எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.