இறக்கத்தில் தெரியும் சுமை

இல்லறத்தில் இருப்பவன் எவ்வளவு பொருள் சேர்க்கலாம்? துறவிக்கு இக்கேள்வி எளிது. அவனை நம்பி வேறு எவரும் இல்லை. மனைவி, மக்கள், முதிய பெற்றோர் எனப் பலரைத் தாங்கும் இல்லறத்தான், 'எனக்கு ஒன்றும் வேண்டாம்' என்று கையை உதறிவிட இயலாது. பொருள் சேர்ப்பது அவனுக்குக் கடமையும் ஆகிறது. அப்படியானால், காக்கும் பொருள் எது, கவிழ்க்கும் பொருள் எது என்று அவன் எவ்வாறு அறிவான்?

வட அமெரிக்காவின் மலைச்சாலை ஒன்று இதற்கு நல்லதோர் உவமை ஆகிறது. கனடாவின் டாசன் கிரீக்கில் தொடங்கி அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷன் வரை ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் செல்லும் அலாஸ்கா நெடுஞ்சாலை அது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ஆம் ஆண்டில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்கள் ஏறத்தாழ எட்டே மாதங்களில் அதன் முதல் தடத்தை அமைத்தனர். 1948-இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கோடை வந்தால் குடும்பங்கள் தங்கள் வண்டியின் பின்னால் டிரெய்லர் என்னும் சிறு வீட்டையே இணைத்துக்கொண்டு அவ்வழியே செல்கின்றன. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, உணவு யாவும் அதில் உண்டு.

அங்கே ஊருக்கும் ஊருக்கும் இடையே நெடுந்தூரம் காடும் மலையுமே. உதிரிச் சக்கரமும் கம்பளி ஆடையும் கூடுதல் உணவும் இன்றிக் குழந்தைகளுடன் அவ்வழியே செல்வது எளிமை ஆகாது, பொறுப்பின்மையே ஆகும். ஆகவே, சுமை இருப்பது குற்றம் அன்று.

ஆனால் சுமைக்கு அளவும் இடமும் உண்டு. வண்டி இழுக்கக்கூடிய எடை எவ்வளவு என்று அதைச் செய்தவர்களே வரையறுத்திருக்கின்றனர். டிரெய்லரின் மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம், வண்டியோடு அதை இணைக்கும் கொக்கியின் மீது இறங்க வேண்டும் என்பது பொது விதி. கனமான பொருள்களை எல்லாம் பின்கோடியில் அடுக்கினால், வேகம் கூடும்போது டிரெய்லர் இருபுறமும் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் முற்றினால் முன்னே செல்லும் வண்டியையும் சாய்த்துவிடும்.

இதனினும் சிந்திக்கத்தக்கது ஒன்று உண்டு. இச்சாலை தன் உயர்ந்த இடமாகிய சம்மிட் ஏரி அருகே ஏறத்தாழ 1,295 மீட்டர் உயரத்தை அடைகிறது. ஏற்றத்தில் சுமையை எவரும் மறக்க முடியாது. என்ஜின் திணறும், வேகம் குறையும், எரிபொருள் கரையும். உச்சியைக் கடந்ததும் எல்லாம் இலேசாகத் தோன்றும். உண்மையில் அபாயம் அங்கேதான் தொடங்குகிறது. அதுவரை பின்னால் இழுபட்டு வந்த சுமை, அப்போது வண்டியை முன்னே தள்ளத் தொடங்குகிறது.

வாழ்விலும் இதுவே நிகழ்கிறது. வறுமையில் இருப்பவன் ஒவ்வொரு ரூபாயின் கனத்தையும் அறிவான். வருவாய் பெருகியபின் செலவின் கனம் தெரிவதில்லை. ஒரு வீடு போதாமல் மற்றொன்று; அதற்குக் கடன்; கடனை அடைக்க மேலும் உழைப்பு; உழைப்பினால் வீட்டில் இருக்க நேரமின்மை. குடும்பத்துக்காகச் சேர்த்த பொருளே தந்தையைக் குடும்பத்திடமிருந்து பிரித்துவிடுகிறது. 'எல்லாம் உங்களுக்காகத்தானே' என்று அவர் சொல்வது பொய்யன்று. எனினும் அவரைச் செலுத்துவது அன்பா, சேர்த்த பொருளின் வேகமா என்பதை அவரே அறியாத நிலை வந்துவிடுகிறது. சுமையைத் தேர்ந்தவர் அவர். அதே வண்டியில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளோ அதைத் தேர்ந்தவர்கள் அல்லர். சரிவின் விளைவு மட்டும் அவர்களுக்கும் உரியதாகிறது.

இதற்குக் காப்பு எது? அனுபவமுள்ள ஓட்டுநர் சரிவு முழுவதும் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருப்பதில்லை. இடைவிடாது மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். மிகத் தேவையான வேளையில் அது கைவிடும். ஆகவே அவர் இறக்கம் தொடங்குமுன்பே கீழ் கியருக்கு மாறிவிடுகிறார். அதன்பின் என்ஜினே வேகத்தை அடக்கி வைக்கிறது. பிரேக்கை இடையிடையே மட்டும் பயன்படுத்துகிறார்.

ஆசை எழும்போதெல்லாம் அதனுடன் போராடி மன உறுதியால் நிறுத்த முயல்பவன் ஒருநாள் களைத்துப்போவான். வசதி வருமுன்பே தனக்கென ஓர் அளவை வகுத்துக்கொண்டவனுக்கு அப்போராட்டம் அரிதாகவே நேரும். 'இவ்வளவு போதும், இதற்கு மேல் வருவதில் இப்பங்கு பிறருக்கு, இந்நேரம் வீட்டாருக்கு' என்பன போன்ற நியமங்களே வாழ்வின் கீழ் கியர். அவற்றை உச்சியில் நிற்கும்போதே ஏற்க வேண்டும். பாதிச் சரிவில், வேகம் மிகுந்தபின், கியரை மாற்றுவது கடினம்.

எவ்வளவு பொருள் சேர்க்கலாம் என்பதற்கு எல்லார்க்கும் பொதுவான ஓர் எண் இல்லை. ஆயினும் சோதனை ஒன்று உண்டு. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த முடிகிறதா என்று இல்லறத்தான் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். முடிகிறது எனில், அப்பொருள் அவனுக்குத் துணை. முடியவில்லை எனில், அது சிறிதே ஆயினும் அவனுக்கு மிகையே. தன்னுடன் வருபவர்களின் பொருட்டாவது அதை இறக்கி வைத்தல் நலம்.